கிங் நார்த் மான்செஸ்டரில் பேசிய இரவு, 1968 பிப்ரவரி 1: இந்தப் பத்தியைச் சரிபார்த்துத் தாருங்கள்

எழில்விக்கி:
வணக்கம். தமிழ் விக்கிக்கு ஒரு குறுங்கட்டுரை தயாராகிறது. முதல் பத்தி இது:

"1968 பிப்ரவரி 1 அன்று இந்தியானா மாநிலத்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் லூதர் கிங், இதற்கெனவே தயாரித்த 'ஒருங்கிணைப்பின் எதிர்காலம்' என்ற உரையை நிகழ்த்தினார். அதுவே அவரது கடைசி வளாக உரை. அப்போது அவர் மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் மும்முரமாக இருந்தார்."

தேதி சரிதான் என்று நினைக்கிறேன். மற்றதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாட்குறிப்பு:
தேதி சரி. அன்று வியாழக்கிழமை. மூன்று வாக்கியங்களில் நான்கு பிழைகள் இருக்கின்றன எழில், வரிசையாகச் சொல்கிறேன்.

1968இல் அது மான்செஸ்டர் கல்லூரி. பல்கலைக்கழகம் என்ற பெயர் 2012இல்தான் வந்தது. ஊரின் பெயர் நார்த் மான்செஸ்டர், வபாஷ் மாவட்டம். வெறும் 'மான்செஸ்டர்' என்று போட்டால் வாசகர் இங்கிலாந்துக்கோ நியூ ஹாம்ப்ஷயருக்கோ போய்விடுவார்.

'இதற்கெனவே தயாரித்த' என்பது தவறு. 13 நாள் முன்பு, ஜனவரி 19 வெள்ளியன்று, கான்சஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் நகரில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆஹெர்ன் அரங்கில் பேசியதும் இதே தலைப்புதான். கூடைப்பந்து அரங்கம் அது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். எட்டு வருடம் பின்னால் போனால், 1960 ஜனவரி 21 அன்று கான்சஸின் நார்த் நியூட்டனில் பெத்தேல் கல்லூரியில் பேசியதற்கும் அதே தலைப்பு.

'கடைசி வளாக உரை' என்பதில் 'கல்லூரி' என்ற சொல் விட்டுப்போயிருக்கிறது. 1968 மார்ச் 14 அன்று மிச்சிகனின் குரோஸ் பாயின்ட் உயர்நிலைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பேசினாரே, அதுவும் வளாகம்தானே? கடைசிக் கல்லூரி வளாக உரை என்றுதான் மான்செஸ்டர்காரர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

நான்காவதுதான் பெரிய பிழை. மெம்பிஸ் வேலைநிறுத்தம் தொடங்கியது பிப்ரவரி 12. கிங் அங்கே முதன்முதலாகப் பேசியது மார்ச் 18. பிப்ரவரி 1 அன்று அவர் கையில் இருந்த வேலை, 1967 டிசம்பர் 4 அன்று அறிவித்த ஏழை மக்கள் இயக்கம்: பல இனத்து ஏழைகளையும் வாஷிங்டனுக்கு அழைத்துப்போய், வேலையும் வருமானமும் கிடைக்கும்வரை நகராமல் உட்காரவைக்கும் திட்டம்.

ஆனால் அந்தத் தேதிக்கு மெம்பிஸோடு வேறொரு தொடர்பு உண்டு. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்கிக் குப்பை வண்டியின் பின்புறம் நின்றபோது, குப்பையை அழுத்தும் இயந்திரம் தானாக ஓடி அவர்களை நசுக்கியது. அது நடந்ததும் 1968 பிப்ரவரி 1தான். பதினொரு நாள் கழித்து 1,300 தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். கிங்கை மெம்பிஸுக்குக் கொண்டுபோனது அந்த வேலைநிறுத்தம். ஏப்ரல் 4இல் கொல்லப்பட்டதும் அங்கேதான். மான்செஸ்டர் உரைக்கும் அந்த மாலைக்கும் நடுவே சரியாக ஒன்பது வாரம், வியாழனுக்கு வியாழன்.

அன்று மேடையில் இருந்தவருக்கு இது தெரிந்திருந்தது என்கிற மாதிரி மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கிழக்குத்தெரு:
நாட்குறிப்பு அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. அந்த வாரச் செய்தித்தாளைத் தேடுறவங்க ஏமாந்துபோவாங்க. ஜனவரி 30இல் வியட்நாமில் டெட் தாக்குதல் (கம்யூனிஸ்ட் படைகளோட பெரிய தாக்குதல்) ஆரம்பம். பிப்ரவரி 1இல் நிக்சன் அதிபர் வேட்பாளர்னு அறிவிப்பு. சைகோன் தெருவில் கைதியோட தலையில சுடுற அந்தப் படம் எடுத்ததும் அதே நாள். இவ்வளவுக்கு நடுவுல சின்ன ஊர் கல்லூரிப் பேச்சுக்குப் பெரிய பத்திரிகையில எவன் இடம் குடுப்பான்? வாஷிங்டன், நியூயார்க் பத்திரிகையில இல்லைன்னா நிகழ்ச்சியே சின்னதுன்னு முடிவு கட்டிடாதீங்க. உள்ளூர் தாளும் மாணவர் இதழும்தான் பார்க்கணும்.

நாட்குறிப்பு:
ஆமாம். மான்செஸ்டரின் மாணவர் இதழ் ஓக் லீவ்ஸ், ஆண்டுமலர் அரோரா. கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு கொலீஜியன், அவர் பேசிய இன்னொரு இடமான ஐயோவாவின் கிரின்னல் கல்லூரிக்கு ஸ்கார்லெட் அண்ட் பிளாக். இந்தியானாவின் பழைய செய்தித்தாள்களுக்கு ஹூசியர் ஸ்டேட் கிரானிக்கிள்ஸ் இலவசமாகவே இருக்கிறது.

தேடும்போது வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. வார இதழில் "நேற்றிரவு" என்று இருந்தால், அது அச்சான நாளிலிருந்து ஒரு நாள் என்று எண்ணாதீர்கள். கிழமையை வைத்துச் சரிபாருங்கள். முன்கூட்டிய அறிவிப்பில் இருக்கும் நேரமும் அரங்கமும் திட்டம்தான், நடந்ததற்குச் சான்று ஆகாது. நிகழ்ச்சிக்குப் பின் வந்த இதழில்தான் நடந்தது இருக்கும். ஆண்டுமலர் வசந்தத்திலேயே அச்சுக்குப் போய்விடும். கல்வியாண்டின் கடைசி மாத நிகழ்ச்சியை அடுத்த வருட மலரில் தேட வேண்டிவரும். எழுத்துணரி (அச்சுப் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) வழியே தேடும்போது முழுப்பெயரைப் போடாதீர்கள். பத்தி ஓரத்தில் பெயர் இரண்டாக உடைந்திருக்கும். 'லூதர்' மட்டும் போட்டு, ஆண்டையும் மாதத்தையும் வடிகட்டுங்கள்.

கிரின்னலுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கிங் அங்கே பேசியது 1967 அக்டோபர் 29, ஞாயிறு. அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிய நாள் அது. ஒரு ஆவணத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒரு மணி வித்தியாசம் வந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று கிளம்பிவிடாதீர்கள். மறுநாள் 30ஆம் தேதி அவர் அலபாமாவின் பர்மிங்காமில் சிறைக்குப் போனார். 1963 ஊர்வலத்துக்கான நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, ஐந்து நாள் தண்டனை. உச்ச நீதிமன்றம் அதை ஐந்துக்கு நான்கு என்று உறுதிசெய்திருந்தது.

சொல்தச்சன்:
தலைப்பைத் தமிழாக்கியதில் எனக்கு வழக்கு இருக்கிறது. இன்டெக்ரேஷனுக்கு 'ஒருங்கிணைப்பு' என்று போட்டால் ஏதோ மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு போலத் தொனிக்கிறது. அதைவிட முக்கியம், டீசெக்ரிகேஷன் வேறு, இன்டெக்ரேஷன் வேறு என்று கிங் பிரித்தே பேசினார். 1962 டிசம்பரில் நாஷ்வில் உரையில் இது விரிவாக வருகிறது. முதலாவது தடையை நீக்குவது. சட்டம் போட்டுச் செய்துவிடலாம். இரண்டாவது மனம் ஒப்பிச் சேர்ந்து வாழ்வது. சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே முன்னதற்கு 'இனப்பிரிப்பு நீக்கம்', பின்னதற்கு 'இன ஒன்றிப்பு' என்று இரண்டு சொல் வைத்துக்கொண்டு கட்டுரை முழுக்க மாற்றாமல் ஓட்டுங்கள். தலைப்பு 'இன ஒன்றிப்பின் எதிர்காலம்' ஆகும்.

'நீக்ரோ' என்ற சொல்லை மேற்கோளுக்குள் அப்படியே விடுங்கள். அவர் அன்று பயன்படுத்தியது அதுதான். உங்கள் சொந்த வாக்கியங்களில் 'கறுப்பின மக்கள்'.

இன்னொரு கண்ணி பூட்ஸ்ட்ராப். 1968 மார்ச் 31 வாஷிங்டன் தேவாலய உரையில், பூட்ஸே இல்லாதவனிடம் உன் பூட்ஸ் வாரைப் பிடித்து உன்னை நீயே தூக்கிக்கொள் என்று சொல்வது கொடூரமான கேலி என்கிறார். பூட்ஸின் பின்பக்கம் விரல் நுழைத்து இழுக்க ஒரு தோல் வளையம் இருக்குமே, அதுதான் அந்த வார். 'சொந்தக் காலில் நில்' என்று பெயர்த்தால் வழக்குத்தொடர் கிடைக்கிறது, பூட்ஸ் காணாமல் போகிறது. பூட்ஸ் போனால் கேலியும் போச்சு. படத்தை அப்படியே வைத்துப் பெயர்ப்பதே மேல்.

எழில்விக்கி:
நன்றி. அப்படியென்றால் ஒரே உரையைத்தான் ஊர் ஊராகப் போய்ப் பேசினாரா? அதையும் கட்டுரையில் சொல்லிவிடலாமா?

நாட்குறிப்பு:
'ஒரே உரை' என்பதும் சரியில்லை. கச்சேரிக்குப் போகிறவர்களுக்குப் புரியும்: கீர்த்தனை அதேதான், நிரவல் அன்றைக்கன்றைக்கு வேறு. அவரிடம் கைவசம் ஏறக்குறைய முப்பது நாற்பது துண்டுகள் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்ணிக்கை என் குத்துமதிப்பு). காலம் தானாகக் காயத்தை ஆற்றிவிடும் என்பது கட்டுக்கதை என்ற துண்டு. சட்டம் ஒருவனை என்னை நேசிக்கவைக்க முடியாது, ஆனால் என்னை அடித்துக் கொல்லாமல் தடுக்க முடியும் என்ற துண்டு. இருபது வருடம் தூங்கி எழுந்த ரிப் வான் விங்கிள் என்ற கதைமாந்தர் பற்றிய துண்டு: தூங்கப் போகும்போது விடுதிப் பலகையில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், எழுந்து வரும்போது ஜார்ஜ் வாஷிங்டன், நடுவில் ஒரு புரட்சியே நடந்து முடிந்திருக்கிறது. இந்தக் கடைசித் துண்டு 1965 ஜூனில் ஓஹையோவின் ஓபர்லினிலும், 1967இல் கிரின்னலிலும், 1968 மார்ச் 31இல் வாஷிங்டனிலும் தலைவாசலாக நின்றது.

தேதி தெரியாத ஒலிநாடா கைக்கு வந்தால் இந்தத் துண்டுகளே நாள் சொல்லிவிடும். உதாரணம் நம் நாட்டைப் பற்றியது. 1959 பிப்ரவரி–மார்ச்சில் இந்தியா வந்துபோனவர், பம்பாய், கல்கத்தா நடைபாதையில் பசியோடு படுத்திருப்பவர்களைப் பற்றிச் சொல்வார். அமெரிக்கா மிச்சத் தானியத்தைச் சேமிக்க நாளொன்றுக்குப் பல லட்சம் டாலர் செலவழிக்கிறதே, காசில்லாமல் சேமிக்க எனக்கு இடம் தெரியும், அந்தச் சுருங்கிய வயிறுகளில் என்பார். தொடக்க ஆண்டுகளில் இந்தியாவின் மக்கள்தொகை 40 கோடியைச் சுற்றி வரும். 1968 மார்ச்சில் அது 50 கோடிக்கு மேல் என்று ஆகிவிடுகிறது. அதில் 48 கோடிப் பேர் ஆண்டுக்கு 90 டாலருக்கும் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்று வருகிறது. வியட்நாம் கண்டனம் நீளமாக வந்தால் பெரும்பாலும் 1967 ஏப்ரலுக்குப் பிந்தையது. உத்தரவாத வருமானம் பற்றிய பேச்சும் கடைசி இரண்டு ஆண்டுகளின் அடையாளம்.

எனவே ஒரு ஊரைப் பற்றி எழுதும்போது, எல்லா ஊரிலும் சொன்னதை அந்த ஊருக்குச் சொன்னதாக மேற்கோள் பலகையில் மாட்டாதீர்கள். அந்த ஊருக்கே உரியது யார் அழைத்தது, எந்த அரங்கம், முகவுரையில் யாரைப் பெயர் சொன்னார், முடிந்தபின் என்ன கேள்வி கேட்டார்கள் என்பதில்தான் கிடக்கிறது. மிச்சிகனின் கலமசூவில் 1963 டிசம்பர் 18 அன்று பேசியபின் நடந்த கேள்வி பதிலைப் பாருங்கள். ஞாயிறு காலை பதினொரு மணிதான் அமெரிக்காவிலேயே இனப்பிரிப்பு மிகுந்த நேரம் என்றது அந்தப் பதிலில்தான் வருகிறது. இதையும் அவர் முன்பே சொல்லியிருக்கிறார் என்றாலும், அங்கே அது ஒரு கேள்விக்குப் பதிலாக வருவதால் கேள்வியையும் சேர்த்து எழுத முடிகிறது.

பழஞ்சுருள்:
ஒலிநாடா என்றதும் வந்துவிட்டேன். அந்தக் காலக் கல்லூரிப் பதிவுகள் பெரும்பாலும் கால் அங்குல நாடா, 7 அங்குலச் சுருள், 1,200 அடி. நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 32 நிமிடம், மூன்றேமுக்காலில் 64. அவர் பேச்சு 32 நிமிடத்தில் முடியாது. எழுத்துப்படியில் அரை மணியை ஒட்டி வாக்கியம் அந்தரத்தில் நின்று வேறு இடத்தில் தொடங்கினால், யாரோ தணிக்கை செய்ததாகக் கதை கட்டாதீர்கள். சுருளைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சுருள் கைக்கு வந்தால் இயந்திரத்தில் மாட்டுமுன் மோந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அசிட்டேட் (பழைய வகைப் பிளாஸ்டிக்) நாடா சிதைகிறது. வாடை இல்லாவிட்டாலும் சுருளை விளக்குக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள்: வெளிச்சம் ஊடுருவினால் அசிட்டேட், இருட்டாக இருந்தால் பாலியெஸ்டர். இது ஏன் முக்கியமென்றால், ஓடும்போது ஒட்டிக்கொள்ளும் ஒலிநாடாவை 54 டிகிரி செல்சியஸில் சுமார் எட்டு மணி நேரம் சூடேற்றி மீட்கும் வைத்தியம் இணையத்தில் எல்லாரும் சொல்வார்கள். அது பசை ஈரம் இழுத்துக் கெட்டுப்போன எழுபதுகள், எண்பதுகளின் பாலியெஸ்டர் நாடாவுக்கு. அறுபதுகளின் அசிட்டேட்டைச் சூடேற்றினால் சுருங்கி நெளிந்து போய்விடும். மீட்கவே முடியாது.

இன்னொரு குழப்பம். அரைத்தட மோனோவில் (பக்கத்துக்கு நாடா அகலத்தில் பாதி) இரு பக்கமும் பதிந்ததைக் கால்தட ஸ்டீரியோ தலையில் (கால் பங்கு அகலத் தடங்களை வாசிக்கும் முனை) ஓட்டினால், இடது காதில் பேச்சு, வலது காதில் மறுபக்கத்துப் பேச்சு தலைகீழாக ஓடும். நாடா கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தலையை மாற்றுங்கள், அல்லது ஒரு தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகம் சரியா என்று பார்க்க மின்சார ரீங்காரம் போதும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ். அலைக்கற்றைப் படத்தில் கோடு 63இல் நின்றால் ஐந்து சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். குரலும் அந்த அளவு கீச்சென்று உயர்ந்திருக்கும். எண்மமாக்கும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. இரைச்சல் நீக்குவதெல்லாம் நகலில். மூலக்கோப்பில் கை வைக்காதீர்கள்.

கிழக்குத்தெரு:
உரிமை விஷயத்தையும் சொல்லிடுறேன், விக்கியில முழு உரையையும் தமிழாக்கிப் போட்டுடப்போறீங்க. கிங்கோட வாரிசுகள் பதிப்புரிமையில கறார். 1999இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி வழக்குல, லட்சக்கணக்கான பேர் கேட்டதாலேயே உரை பொதுவுடைமை ஆயிடாதுன்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிடுச்சு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்துலேருந்து 60 வருஷம், அதாவது 2028 டிசம்பர் 31 வரைக்கும். இறந்த பிறகு முதல்முறையா வெளியான எழுத்துக்கு அந்த 60, வெளியான வருஷத்துலேருந்து ஓடும். அமெரிக்காவுல வெளியிடாத உரைன்னு எடுத்துக்கிட்டா 2038 முடியுற வரை. மொழிபெயர்ப்பும் உரிமைக்குள்ளதான் வரும். ரெண்டு மூணு வாக்கியம் மேற்கோள், மத்ததெல்லாம் உங்க சொந்த நடையில சாரம்னு வச்சுக்கிட்டா வம்பு இல்லை.

எழில்விக்கி:
சரி. 'இருபதுகளில் கு கிளக்ஸ் கிளானின் கோட்டையாக இருந்த ஊரில்' என்று ஒரு வரி சேர்த்தால் பின்னணி வலுவாக இருக்குமே?

நாட்குறிப்பு:
வேண்டாம். 1920களில் இந்தியானா மாநிலத்தில் வெள்ளை இனவெறி அமைப்பான கிளான் அரசியலையே பிடித்து வைத்திருந்தது உண்மை. அதை அந்த ஊர் தலையில் சுமத்த ஊர்ச்சான்று வேண்டும். இந்த ஊரில் இருப்பது வேறு கதை. கல்லூரி பிரெத்ரன் என்ற கிறிஸ்தவச் சபையுடையது. மென்னனைட்டுகள், குவேக்கர்கள், பிரெத்ரன், இம்மூன்றும்தான் போரை மறுக்கும் வரலாற்றுச் சபைகள். அமெரிக்காவின் முதல் அமைதிக் கல்விப் பாடத்திட்டம் 1948இல் தொடங்கியது இந்தக் கல்லூரியில். பெத்தேல் கல்லூரி மென்னனைட்டுகளுடையது. இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன் வந்தார் என்று கேட்பவருக்கு இதுதான் நல்ல தொடக்கம். வியட்நாம் போரை எதிர்த்ததால் பல பெரிய வீடுகளின் கதவு மூடியிருந்த காலத்தில், போர் மறுப்பையே சமயக் கடமையாக வைத்திருந்த ஒரு கல்லூரி.

மௌனவாசகி:
ஒரு குறுக்கீடு. குரோஸ் பாயின்ட் என்று மேலே ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. டெட்ராய்ட்டை ஒட்டிய பணக்கார வெள்ளையர் புறநகர். எட்டு மாதம் முன்புதான் டெட்ராய்ட் கலவரத்தில் 43 பேர் செத்திருந்தார்கள். மனித உறவுகள் மன்றம் என்ற உள்ளூர் அமைப்பு அழைத்தது. கூடத்தில் சுமார் 2,700 பேர். 'இன்னொரு அமெரிக்கா' என்பது தலைப்பு. பேச்சு நெடுகக் கூச்சல், துரோகி என்ற ஏச்சு. கத்தியவர்களில் ஒரு கடற்படைக்காரரை மேடைக்கு வரவிட்டுப் பேசவும் விட்டார் கிங். வழியில் காரில் காவல்துறைத் தலைவர் கிங்கின் மடிமேலேயே உட்கார்ந்து மறைத்துக்கொண்டார் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள்.

மார்ச் 14இன் எழுத்துப்படியில் அந்தக் கூச்சல் இடங்கள் விடாமல் குறிக்கப்பட்டிருக்கின்றன. மேற்கோள் எடுக்கும்போது பலரும் முதலில் வெட்டுவது அவற்றைத்தான். அந்த ஊருக்கே உரிய பகுதி அதுதானே?

நாட்குறிப்பு:
ஒப்புக்கொள்கிறேன்.

மூலங்களைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ஸ்டான்ஃபோர்டின் கிங் ஆவணத் தொகுதிகளில் ஏழாவது 1962 ஆகஸ்டோடு நிற்கிறது. அதனால் 1968 உரைகளை அந்தத் தொகுதிகளில் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். கடிதங்களுக்கு பாஸ்டன் பல்கலைக்கழகம், அட்லாண்டாவின் கிங் மையம், மோர்ஹவுஸ் கல்லூரி. அழைப்புக் கடிதம், பயணத் திட்டம், சன்மானக் காசோலை மூன்றும் அழைத்த கல்லூரியின் தலைவர் அலுவலகக் கோப்பில்தான் அதிகம் கிடைக்கும். எஃப்.பி.ஐ. கோப்பும் உதவும். வட்டாரக் கள அலுவலகம் அனுப்பிய குறிப்பில் வருகை நேரமும் கூட்ட அளவும் இருக்கலாம். ஆனால் அது வேவு பார்த்தவர் எழுதியது. எண்ணிக்கையை இன்னொரு சான்றோடு ஒட்டிப்பாருங்கள். ஒட்டுக்கேட்ட ஒலிநாடாக்கள் 1977 நீதிமன்ற உத்தரவால் 50 ஆண்டு முத்திரையிடப்பட்டவை.

பெயர்க் குழப்பத்துக்கும் ஒரு வரி: ஐயோவாவின் மவுன்ட் வெர்னனில் 1962 அக்டோபர் 15 அன்று பேசியது கார்னெல் கல்லூரியில். நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகம் வேறு.

எழில்விக்கி:
திருத்திய பத்தி:

"1968 பிப்ரவரி 1, வியாழனன்று, இந்தியானா மாநிலத்தின் நார்த் மான்செஸ்டர் ஊரில் பிரெத்ரன் சபையின் மான்செஸ்டர் கல்லூரியில் (இன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகம்) மார்ட்டின் லூதர் கிங் 'இன ஒன்றிப்பின் எதிர்காலம்' என்ற தலைப்பில் பேசினார். இதே தலைப்பில் அவர் 1960இலும், 13 நாட்களுக்கு முன்பும் கான்சஸில் பேசியிருந்தார். கல்லூரி வளாகத்தில் அவர் ஆற்றிய கடைசி உரையாக இது குறிப்பிடப்படுகிறது. அப்போது அவர் ஏழை மக்கள் இயக்கத்துக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். மெம்பிஸில் இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை வண்டியில் நசுங்கி இறந்ததும் அதே நாளில்."

சொல்தச்சன்:
கடைசி வாக்கியத்தில் அந்த இருவரின் பெயரையும் போடுங்கள்.